தகடூர் மண்ணில் ஒரு சாகச நாவல்: எங்கிருந்து தொடங்குவது?

அரூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, தருமபுரி – கிருஷ்ணகிரி வட்டாரத்தைக் களமாக வைத்து ஒரு வரலாற்றுச் சாகச நாவல் எழுத விரும்புகிறார். "தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம் என்றால் அரண்மனையும் கோபுரமும் இருக்கின்றன. இங்கே எதை வைத்து எழுதுவது? அதியமானை நாயகனாக்கலாமா? கற்பனைக்கு எவ்வளவு இடம் உண்டு?" என்று கேட்கிறார்.

அம்மா, அதியமானை நாயகனாக்க வேண்டாம். அவர் கதையில் இருக்கட்டும். ஓரிரு முறை வரட்டும், பேசட்டும், பிள்ளைகள் அவரைத் தொலைவில் இருந்து பார்க்கட்டும். ஆனால் கதை அவர் பின்னால் போகக் கூடாது. அரசன் ஓரிடத்தில் இருப்பான், அவனுக்காக மற்றவர்கள் அலைவார்கள். சாகசக் கதைக்கு அலைகிற ஆள் வேண்டும். கல்கி 1950-இல் தொடராக எழுதத் தொடங்கிய பொன்னியின் செல்வனில் தலைப்பு இளவரசனுடையது. நாம் கூடவே குதிரையேறிப் போவதோ, காஞ்சியிலிருந்து ஓலை கொண்டுவரும் வந்தியத்தேவனோடு. 1883-இல் புத்தகமாக வந்த ஸ்டீவன்சனின் புதையல் தீவுக் கதையிலும் கப்பல் தலைவனோ பிரபுவோ நாயகன் இல்லை. கடலோர விடுதிக்காரரின் மகன்தான் நாயகன். பதினான்கு வயதுப் பிள்ளை தன் வயதை ஒத்த ஒருவனிடம், அல்லது ஒருத்தியிடம், தன் சக்திக்கு மீறிய வேலை ஒன்று ஒப்படைக்கப்படும்போதுதான் பக்கத்தைப் புரட்டும்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் மண்ணின் வரலாற்றில் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். பெயர் எழுதி வைக்கப்படாததால் அவர்கள் உங்களுக்குச் சொந்தம். மாடு மேய்த்தவன், பரிசல் தள்ளியவன், கொல்லனுக்குத் துருத்தி ஊதியவள், கோட்டைக்குத் தண்ணீர் சுமந்தவள், நில அளவைச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவன். எந்த நூற்றாண்டை எடுத்தாலும் நம் வட்டாரம் எல்லையாகவே இருந்திருக்கிறது. மைசூர்ப் பீடபூமிக்கும் தமிழ்ச் சமவெளிக்கும் நடுவில் கணவாய்களும் ஆற்றுத் துறைகளும் குன்றுக் கோட்டைகளும் நிறைந்த நிலம். சேரர், பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார், மைசூர்க்காரர்கள், கம்பெனிக்காரர்கள் எல்லோரும் இதைத் தாண்டித்தான் போனார்கள், அல்லது இதற்காகச் சண்டையிட்டார்கள். அரண்மனை இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. எல்லையில் வாழ்கிறவனுக்கு ஆபத்து வாசலிலேயே இருக்கிறது, கதையும் அங்கேயே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக நம்மிடம் நடுகற்கள் இருக்கின்றன. என் மனம் எப்போதும் போய் நிற்பது அங்கேதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் ஏரிக்கரையிலும் புளியந்தோப்பிலும் வேடியப்பன் கோயில் என்று கும்பிடுகிறார்களே, அவற்றில் பலவற்றுக்குள் நிற்பது நடுகல். ஒரு கையில் வில், மறுகையில் குறுவாள், உடலில் தைத்த அம்புகள், காலடியில் சில மாடுகள், சில கற்களில் மூக்கு வைத்த நீர்க்கலமான ஒரு கெண்டி. மேலே வட்டெழுத்தில் நாலைந்து வரி. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறுவை இன்னார் கவர்ந்தபோது, அதை மீட்டு இறந்துபட்ட இன்னாரின் கல் என்று அந்த வரிகள் சொல்லும். தொறு என்றால் மாட்டு மந்தை. பல்லவர் காலத்தைச் சேர்ந்த இத்தகைய கற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, பக்கத்தில் செங்கம் என இந்த வட்டாரம் முழுவதும் நெருக்கமாகக் கிடைத்திருக்கின்றன.

அந்த நாலு வரியில் ஒரு சாகச நாவலின் எலும்புக்கூடு முழுமையாக இருக்கிறது. கவர்ந்தவன், பறிகொடுத்தவன், துரத்தியவன், விழுந்தவன் எல்லோரும் அதில் உண்டு. கல்லில் இல்லாததை நீங்கள் எழுத வேண்டும். மந்தை போன செய்தியை ஊருக்கு ஓடிவந்து சொன்னது யார்? இருட்டில் தடம் பார்த்தது யார்? விழுந்தவனின் உடலோடு காலை வரை காத்திருந்தது யார்? கூப்பிடு தூரத்தில் வேறு யாரும் இல்லாத மேய்ச்சல் காட்டில் இதெல்லாம் செய்யக்கூடியவர்கள் மேய்க்கப் போன பிள்ளைகள்தான்.

மாட்டைக் கவர்ந்து போகிறவனுக்கு உள்ள சங்கடங்களை யோசித்துப் பாருங்கள், கதை தானாக நகரும். மந்தையை ஓட்டிக்கொண்டு யாரும் பாய்ந்து போய்விட முடியாது. கன்று இருந்தால் தாய் நிற்கும். குளம்புத் தடத்தை மறைக்க முடியாது, சாணத்தின் ஈரம் எவ்வளவு நேரத்துக்கு முன் போனார்கள் என்பதைச் சொல்லிவிடும். எங்காவது தண்ணீர் காட்டியே ஆக வேண்டும். கோடையில் இந்தப் பக்கத்துக் காட்டில் தண்ணீர் எந்தச் சுனையில் நிற்கும், எதில் வற்றியிருக்கும் என்பது படைவீரனுக்குத் தெரியாது. தினமும் மேய்க்கிற பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரியும். ஒவ்வொரு மாட்டின் பெயரும் கழுத்து மணியின் ஓசையும் அவனுக்குத் தெரியும். அவன் சீழ்க்கை அடித்தால் தலைமாடு திரும்பும். சின்னப் பையன் பெரியவர்களை விடக் கெட்டிக்காரன் என்று கதையில் வலிந்து காட்ட வேண்டியதே இல்லை. அவனுடைய அன்றாட வேலையே அவனை அந்த இரவுக்குத் தகுதியானவனாக ஆக்கியிருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த வீரனுக்கு எடுத்தது. வீரன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய மக்கள் இவர்கள். இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

நடுகல்லை எடுப்பதற்கே ஒரு முறை உண்டு. தொல்காப்பியம் அதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு படிகளாகச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதற்கு நாள் குறித்துக் கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்திப் பாடுவது. நானாக இருந்தால் நாவலை இந்த ஆறு பகுதிகளாகவே பிரிப்பேன். கதை தொடங்கும்போதே அண்ணன் இறந்துவிட்டான். தங்கை கல் தேடிப் போகிறாள். ஒவ்வொரு படியிலும் அந்த இரவில் உண்மையில் என்ன நடந்தது என்பது சிறிது சிறிதாக அவளுக்குத் தெரியவருகிறது. மாட்டைக் கவர்ந்தவர்கள் வெளியூர்க்காரர்களா, உள்ளிருந்தே யாராவது வழிகாட்டினார்களா? கல்லில் எந்தப் பெயரை வெட்டுவது, எந்தப் பெயரை விடுவது என்பதே கடைசிச் சண்டையாகலாம். சாவை மறைக்காமல், அதே சமயம் அதை வேடிக்கையாக்காமல் எழுத இந்த அமைப்பு இடம் தரும்.

தகடூர்ப் போரைத்தான் எழுத வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தால், அதற்கும் தடை சொல்ல மாட்டேன். தகடூர் என்பது இன்றைய தருமபுரி என்பதும், அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததும் பிள்ளைகளுக்குப் பாடத்திலேயே தெரியும். அதற்கு அப்பால் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, அங்கேதான் அருமையான சரக்கு இருக்கிறது.

முதலில் ஔவையை மீட்டெடுங்கள். கோலூன்றிய கிழவியின் உருவம் பிற்காலத்து ஔவையைச் சுற்றி வளர்ந்தது. புறநானூற்றின் 89-ஆம் பாட்டில், உங்கள் நாட்டில் எங்களோடு பொரக்கூடியவர் உண்டோ என்று பகையரசன் கேட்பது மை தீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலியிடம், அதாவது ஆடிப் பாடும் பெண் கலைஞரிடம். அந்த விறலி ஔவையே என்று கொள்ள இடமுண்டு. ஊர் ஊராகப் பாடிப் போகிற, அரசனிடம் அஞ்சாமல் பேசுகிற கலைஞர் அவர். அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் ஔவை தூது போனபோது அவன் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் மாலை சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று பதில் வருகிறது. 95-ஆம் பாட்டு அது. புகழ்வதுபோல் அவமதிப்பது, பகைவன் வீட்டிலேயே நின்றுகொண்டு! அந்த அறையில் ஔவையின் யாழைச் சுமந்து வந்த ஒரு சிறுமி இருந்தாள் என்று வையுங்கள். வெளியே காவல் மாறுகிறது, உள்ளே ஔவை சொன்னதன் பொருள் தொண்டைமானுக்கு உறைக்க எவ்வளவு நேரமாகும் என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒரு அத்தியாயம் முழுக்க வாளே எடுக்காமல் மூச்சைப் பிடிக்க வைக்கலாம்.

கொல்லன் உலை என்று பாட்டில் வருவதும் வெறும் அலங்காரமில்லை. இந்த வட்டாரம் இரும்பின் வட்டாரம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் பழமையானது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. அஞ்சியின் காலத்திலேயே அந்தத் தொழிலுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது ஆகியிருந்தது என்று பொருள். கொல்லர் வீட்டுப் பிள்ளை ஒன்று இல்லாமல் தகடூர்க் கதையை எழுத எனக்கு மனம் வராது.

அடுத்தது பகைவன். தகடூரை அழித்தவன் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை. கொல்லிமலைப் பகுதியில் அதியமானையும் அவனோடு சேர்ந்த இரு பெருவேந்தரையும் வென்று, பிறகு தகடூரை எறிந்தான் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் சொல்கிறது. சாதாரணமாக எழுதினால் இவன்தான் வில்லன். ஆனால் முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்து உறங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரை, தண்டிக்காமல் பக்கத்தில் நின்று கவரி வீசிய அரசனும் இவனே. பாடப் புத்தகத்தில் அந்த நிகழ்ச்சியைப் படித்துக் கைதட்டிய பிள்ளை, அதே கை தன் ஊரைக் கொளுத்தியது என்று அறியும்போது என்ன நினைக்கும்?

இன்னும் இருக்கிறது. எட்டாம் பத்தைப் பாடி இந்தச் சேரனைப் புகழ்ந்தவர் அரிசில் கிழார். அவருக்கு அவன் ஒன்பது நூறாயிரம் காசும் அரசுக் கட்டிலுமே கொடுத்தான் என்றும், அவர் அரசை அவனையே ஆளச் சொல்லிவிட்டு அமைச்சரானார் என்றும் பதிகம் கூறுகிறது. அதே அரிசில் கிழார்தான், தகடூர்ப் போரில் வீழ்ந்த அதியமான் எழினிக்காக அழுது பாடியவர். புறநானூறு 230. எழினி இருந்த நாட்டில் கன்றோடு கூடிய பசுக்கூட்டம் காட்டிலேயே தங்கும், வழிப்போக்கர்கள் விரும்பிய இடத்தில் உறங்குவார்கள், களத்து நெல் காவலின்றிக் கிடக்கும் என்கிறார். வென்றவனைப் பாடிய வாய், தோற்றவனின் நாட்டில் மாடும் வழிப்போக்கனும் அச்சமின்றி இருந்ததை நினைத்துக் கலங்குகிறது. இதை விட நல்ல பாத்திரத்தை யாரும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. உங்கள் கதையில் இரு தரப்புக்கும் போய்வரக்கூடிய ஒரே மனிதர் இவர்தான். அவருடன் வரும் மாணவன் ஒருவன் தகடூர்க் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டால்? நல்லவன் கெட்டவன் என்ற எளிய பிரிவு அவனுக்குக் கிடைக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் குழப்பத்தைத் தாங்குவார்கள், என்னை நம்புங்கள். ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாகவும் மறுபக்கம் முழுக்கக் கறுப்பாகவும் எழுதப்பட்ட கதைகளைத்தான் அவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள்.

போர் முடிந்து வந்த அஞ்சியின் கண் சிவப்பு, பிறந்த மகனைப் பார்க்கும்போதும் மாறவில்லை என்று ஔவை பாடியிருப்பதையும் (புறநானூறு 100) மறக்காமல் பயன்படுத்துங்கள். அப்படிப்பட்ட தந்தையின் நிழலில் வளரும் மகனின் நிலையைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை, புறத்திரட்டு என்னும் தொகைநூலில் சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன. முற்றுகையின் நாள் வாரியான நிகழ்ச்சிகள் நமக்கு இல்லாததால், கோட்டைக்குள் நடப்பதை எழுத உங்களுக்கு நிறையச் சுதந்திரம் இருக்கிறது.

சங்க காலம் வேண்டாம், பிற்காலம் வேண்டும் என்றால் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு வாருங்கள். அதியமான் பெருவழி என்று பெயர் பொறித்த கல்கள் தருமபுரிப் பக்கம் கிடைத்திருக்கின்றன. நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று ஒரு கல் சொல்கிறது. காதம் என்பது பழைய தூர அளவு. எழுத்தோடு நிற்காமல், படிக்கத் தெரியாத வழிப்போக்கனுக்காகப் பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும் ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். எழுத்தறியாத ஒரு வண்டிக்காரச் சிறுவன் இருட்டில் அந்தக் குழிகளை விரலால் தடவி எண்ணி வழி அறிகிறான் என்ற ஒரு காட்சிக்காகவே ஒரு நாவல் எழுதலாம். யாராவது சிறிய குழிகளில் இரண்டைக் கூடுதலாக வெட்டி வைத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். அதே நூற்றாண்டில் ஒய்சள இராமநாதன் நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டு, துவாரசமுத்திரத்தில் இருந்த தன் சகோதரன் மூன்றாம் நரசிம்மனோடு மோதிக்கொண்டிருந்தான். பெருவழியில் வணிகச் சாத்து போக வேண்டும், இரு சகோதரர்களின் படைகளும் குறுக்கே நிற்கின்றன. கதைக்கு இது போதும்.

பதினெட்டாம் நூற்றாண்டு எல்லோரும் எளிதில் கைவைக்கும் காலம். கோட்டை இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, ஐதர் அலியும் திப்புவும் இருக்கிறார்கள். பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பகுதி, மைசூருக்கும் கம்பெனிக்கும் நடுவில் பலமுறை கைமாறியது. கிருஷ்ணகிரிக் கோட்டையைக் கம்பெனிப் படை வளைத்து 1768-இல் பிடித்தது, அடுத்த ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு அது மறுபடி மைசூருக்குப் போனது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற தளபதி இரவோடு இரவாகக் கீழே பேட்டையைப் பிடித்து, தப்பி ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டே மலைக்கோட்டைக்குள்ளும் நுழைந்துவிடப் பார்த்தார். வாயில் அடைபட்டது. ஏணி சாத்த விடாமல் மேலிருந்து பாறைகளை உருட்டினார்கள். தாக்குதல் தோற்றது. கடைசியில் அந்தக் கோட்டை போனது 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையின் காகிதத்தில்தான். கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலை ஏறியவர்களுக்கு அந்த வழுக்குப் பாறைச் சரிவு தெரியும். அந்த இரவைப் பேட்டையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கண் வழியாக எழுதினால் நன்றாக வரும். மேலேயும் போக முடியாது, கீழேயும் நிற்க முடியாது.

இந்தக் காலத்தை எழுதும்போது ஒரு கவனம் தேவை. மைசூர்ப் படை, கம்பெனிப் படை இரண்டிலும் இந்த மண்ணின் மொழி பேசிய சிப்பாய்கள் இருந்தார்கள். மதத்தை வைத்து எதிரியைப் படைத்தால் வரலாறும் பொய்யாகும், வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்கு இடையிலும் கசப்பு விழும். அதே காரணத்துக்காக, நடுகல் வீரனுக்கு இன்றைய சாதிப் பெயர் எதையும் ஒட்டாதீர்கள். கல் என்ன பெயர் சொல்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போர் முடிந்த பிறகு 1792-இல் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் பாராமகாலை வயல் வயலாக அளக்கத் தொடங்கினார்கள். மன்றோ தருமபுரியிலேயே சில ஆண்டுகள் இருந்தார். அளவைச் சங்கிலி பிடிக்கும் உள்ளூர்ப் பையன், தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் பேசத் தெரிந்தவன். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தில் இது இன்றும் வியப்பில்லை. யாருடைய நிலம் எந்தக் கணக்கில் ஏறுகிறது, எந்த எல்லைக்கல் இரவில் நகர்கிறது என்பதை முதலில் பார்ப்பவன் அவன். வாள் வீச்சே இல்லாத சாகசம். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும் என்பது என் எண்ணம்.

இருபதாம் நூற்றாண்டில், நோயின் காரணமாக ரயிலில் ஏறத் தடைவிதிக்கப்பட்ட நிலையிலும் ஊர் ஊராக அலைந்து பேசிய விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் கடைசி நாள்களும் இருக்கின்றன. அவர் 1925-இல் தருமபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். அது தனி நாவலுக்குரிய பொருள். இங்கே சுட்டிக்காட்டுவதோடு விடுகிறேன்.

கற்பனைக்கு எவ்வளவு இடம் என்ற கேள்விக்கு என் பதில் நேரானது. ஆண்டு, அரசன், போரின் முடிவு, ஊர் இருக்கும் திசை, ஆற்றின் போக்கு இவற்றைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் உங்களுடையது. பெரிய தவறுகளை எல்லோரும் கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள், சின்னத் தவறுகள்தான் புத்தகத்தில் தங்கிவிடும். அதியமான் காலத்துப் பையன் மிளகாய் கடிக்கக் கூடாது, தக்காளியும் நிலக்கடலையும் உருளைக்கிழங்கும் அவனுக்குத் தெரியாது. அவையெல்லாம் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்தவை. காரத்துக்கு மிளகு, பசிக்குத் தினையும் சாமையும் வரகும். கரும்பு உண்டு. அதியமானின் முன்னோர்தான் அதை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவையே பாடியிருக்கிறார். மணி பத்து என்று எழுதாதீர்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், இரவுக்கு நான்கு யாமம். பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒரே அத்தியாயத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

தூரத்தையும் கால்நடையாகவே அளந்து பாருங்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நல்ல நடையில் ஒன்றரை நாள், இடையில் ஓரிரவு காட்டில். தகடூரிலிருந்து திருக்கோவலூருக்கு ஐந்து நாளாவது ஆகும். ஆடியில் குடகுப் பக்கத்து மழையால் காவிரி பெருகினால் பரிசல் ஓடாது. ஐப்பசி, கார்த்திகையில் தென்பெண்ணை தடுக்கும். மாதத்தை மாற்றினாலே கதையின் ஆபத்து மாறிவிடும். எதிரி துரத்துவதை விட, எதிரே ஆறு நிறைந்து போவது பயங்கரமானது.

நடையைப் பற்றி ஒரு வேண்டுகோள். வரலாற்று நாவல் என்றதும் எல்லோரையும் மேடை நாடகத் தமிழில் பேச வைக்கும் பழக்கம் இருக்கிறது. மாட்டுக்காரப் பையன் தன் தங்கையிடம் அடுக்குமொழியில் பேச மாட்டான். எளிய, சின்ன வாக்கியங்களில் பேசட்டும். அரசவையில் மட்டும் மொழி நிமிரட்டும். பெண்களை வர்ணிப்பதற்காகக் கதையை நிறுத்துகிற பழக்கத்தையும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் முழுவதுமாக விட்டுவிடுங்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். தங்களைப் போன்ற ஒருத்தி கதையில் முடிவெடுப்பதை, தவறுவதை, மறுபடி எழுவதை அவர்கள் படிக்க வேண்டும்.

எழுதுமுன் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளையே அழைத்துக்கொண்டு போங்கள். நடுகற்களை முதலில் விளக்கம் சொல்லாமல் பார்க்க விடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாதி உங்கள் அத்தியாயங்களாகும். மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளையும், அதாவது பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னங்களையும், முடிந்தால் பாருங்கள். மேலகிரிக் காட்டுப் பக்கம் போவதாக இருந்தால் வனத்துறையின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், யானை நடமாட்டம் உள்ள இடம். தொல்லியல் துறை மாவட்ட வாரியாக வெளியிட்டிருக்கும் கல்வெட்டுத் தொகுதிகளில் நடுகல் வாசகங்கள் அப்படியே இருக்கின்றன. அகராதியோடு உட்கார்ந்தால் படித்துவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னையே கேட்டால், தங்கை கல் தேடிப் போகும் கதையைத்தான் சொல்வேன். அது உங்கள் அரூர்ப் பக்கத்திலேயே நடக்கலாம், தீர்த்தமலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். படிக்கிற பிள்ளை மறுநாள் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய் ஊர் வேடியப்பனைப் புதிதாகப் பார்க்கும். முதல் இரண்டு அத்தியாயம் எழுதியதும் எட்டாம் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் பின்வரிசையில் சலசலப்பு எழுகிறதோ அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள். அரசர் பெயர், ஆட்சியாண்டு, கல்லின் வாசகம் இவற்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தால் எழுதிய பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.